ஒலித்திரிபும் செவியின் சான்றும்

இசையைப் பதிந்தும் பெருக்கியும் தரும் கருவிகளை ஆக்குவோர், ‘இக்கருவியின் திரிபு நூற்றுக்கு இவ்வளவு’ என ஓர் எண்ணை அச்சிட்டுத் தருவது நெடுநாள் வழக்கம். 1947ஆம் ஆண்டில் வில்லியம்சன் என்பார் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ என்னும் ஆங்கில இதழில் ஒரு பெருக்கியின் அமைப்பை வெளியிட்டார். ஆம்பிளிபையர் என மக்கள் வழங்கும் அப்பெருக்கியின் திரிபு நூற்றுக்கு 0.1ஐத் தாண்டவில்லை. அக்காலத்துக்கு அஃது அரிய செயல். இன்று சிறு விலைக் கருவிகளும் அதனினும் பன்மடங்கு தாழ்ந்த எண்ணைக் காட்டுகின்றன. எண் தேயத் தேய வழக்கும் தேய்ந்திருத்தல் வேண்டும். ஆயினும் தேயவில்லை. ‘எண் எதுவாயினும் ஆகுக, எம் செவி வேறுபாட்டைக் கேட்கிறது’ என்பார் ஒரு சாரார். ‘இத்துணைச் சிறிய திரிபை எச்செவியும் கேளாது; கேட்பதாகச் சொல்வது வெறும் எண்ணம்’ என்பார் மற்றொரு சாரார்.

இரு சாராரும் ‘திரிபு’ என்பதை ஒரே பொருளாகக் கொண்டு வழக்காடுகின்றனர். பிழை அங்கேதான் தொடங்குகிறது. விகாரப் புணர்ச்சியைத் தோன்றல் என்றும், திரிதல் என்றும், கெடுதல் என்றும் மூவகையாகக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இதனை விளக்குதல் எளிது. பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி ஆகும்போது இல்லாத எழுத்தொன்று தோன்றுகிறது. பொன்னும் குடமும் பொற்குடம் ஆகும்போது இருந்த எழுத்துத் திரிகிறது. மரமும் வேரும் மரவேர் ஆகும்போது இருந்தது கெடுகிறது. ஒலிக்கருவியிலும் இம்மூன்றும் உண்டு. மிக உயர்ந்த அல்லது மிகத் தாழ்ந்த சுரங்கள் கருவியைக் கடக்க இயலாது ஒழிந்துபோதல் கெடுதல். சில சுரங்கள் ஓங்கியும் சில தாழ்ந்தும் வருதல் திரிதல். பாடியவர் பாடாத, வாசித்தவர் வாசிக்காத சுரங்களைக் கருவியே பிறப்பித்தல் தோன்றல். விற்போர் அச்சிடும் நூற்றுக்கணக்கு இவற்றுள் தோன்றல் ஒன்றனையே அளப்பது. அதுவும் ஒரே ஒரு தனிச்சுரத்தை உள்ளே விட்டு, வெளியே எத்துணை வேற்றுச் சுரம் வந்தது எனக் கூட்டிப் பார்க்கும் அளவு.

செவியின் சான்றை மேடையேற்றிக் காட்டிய முதற் பெருமுயற்சி எடிசன் நிறுவனத்தாருடையது. 1915 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அவர்கள் அமெரிக்க நகரங்களில் ஒப்புக் காட்சிகள் நடத்தினர். பாடகர் ஒருவர் மேடையிற் பாடுவார். அருகில் அவர் குரலைப் பதிந்த இசைத்தட்டுச் சுழலும். இடையே அவர் வாய் மூடுவார். சில வேளை விளக்கும் அணைக்கப்படும். எது குரல், எது தட்டு எனப் பிரித்தறிய இயலவில்லை என்று வந்தவர் வியந்தனர். 1916இல் நியூயார்க்கு நகரின் கார்னகி மண்டபத்தில் மேரி ராப்போல்டு என்னும் பாடகியார் பாடிய காட்சி பெரிதும் பேசப்பட்டது. அந்நாளைய தட்டுகளோ மின்சாரத் துணையின்றிக் கொம்பின் வழியே பதியப்பட்டவை. அடித்தள ஒலியும் உச்ச ஒலியும் அவற்றிற் பெரும்பாலும் கெட்டொழிந்தன. இன்று ஒரு சிறுவன் கேட்டாலும் ‘இது பழைய தட்டு’ என்று நொடியிற் சொல்லிவிடுவான்.

அவ்வாறாயின் அன்றைய மக்கள் செவி மந்தமுற்றவரா? அல்லர். காட்சிதான் சோதனை அன்று. எத்தனை பேர் சரியாகச் சொன்னார், எத்தனை பேர் தவறினார் என்ற கணக்கு அங்கே எடுக்கப்படவில்லை. பாடியவர் கருவிக்கு இசையத் தம் குரலை அடக்கிக்கொண்டனர். இக்காட்சிகளிற் பலகாலம் பாடிய அன்னா கேசு என்னும் பாடகியாரே பின்னாளில் இதனை ஒப்புக்கொண்டார். கருவி குரலைப் பின்பற்றவில்லை. குரலே கருவியைப் பின்பற்றியது. தனிக்குரலையே தேர்ந்து காட்டியதும் கருதத்தக்கது. கருவி பிறப்பிக்கும் வேற்றுச் சுரங்கள் தனிக்குரலில் ஓரளவு ஒளிந்துகொள்ளும். பல இசைக்கருவிகள் கூடி முழங்கும்போது ஒளிய இடமில்லை. ஏனெனில் இரு சுரங்கள் ஒரு குறையுள்ள கருவிக்குள் புகுமாயின், அவற்றின் மடங்குகளே அல்லாமல் கூட்டலும் கழித்தலும் ஆகிய சுரங்களும் பிறக்கும். நொடிக்கு 5,000 அதிர்வும் 6,000 அதிர்வும் உள்ள இரு சுரங்கள் 1,000 அதிர்வுள்ள ஒன்றைப் பெறும். அச்சுரம் பாட்டுக்கு உறவினதாய் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எடிசன் காட்சிகள் செவியை ஏமாற்றின எனின், 1945ஆம் ஆண்டு நிகழ்ந்தது செவியின் மேற் சுமத்திய பழி எனலாம். அமெரிக்காவில் கொலம்பியா வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த சின், ஐசன்பர்க்கு என்னும் இருவர், மக்கள் எவ்வகை ஒலியை விரும்புகின்றனர் என ஆராய்ந்தனர். ஒலிபெருக்கியின் வழியே ஒரே இசையை உயர்சுரம் குறைத்தும் குறைக்காமலும் கேட்பித்தனர். பெரும்பாலோர் குறைத்த ஒலியையே விரும்பினர்; முழு ஒலியை விரும்பினோர் சிலரே. பொறியியலார் வருந்தி உழைத்து விரித்த ஒலியெல்லையைக் கேட்போர் வேண்டா என்று தள்ளினர். இதற்குக் காரணம் என்ன? மக்கள் பல்லாண்டு வானொலியின் குறுகிய ஒலிக்குப் பழகிவிட்டனர் என்பது ஒரு விடை. இசைக்கருவிகளின் உயர்சுரங்களே இயல்பில் இனிமை குறைந்தவை என்பது மற்றொன்று. மூன்றாவது விடையும் ஒன்று உண்டு: மக்கள் தள்ளியது உயர்சுரத்தை அன்று, அதனோடு ஒட்டி வந்த திரிபை.

முதல் விடையைக் கொண்டால் குற்றம் கேட்போரின் சுவையுணர்ச்சியினது. மூன்றாவதைக் கொண்டால் குற்றம் கருவியினது. பொதுமக்கள் சுவை அறியாதார் என்னும் தீர்ப்பு எந்நாளும் எளிதிற் கிடைப்பது. அதனை ஏற்பதற்கு முன் ஒருவர் கருவியை வழக்கிலிருந்தே நீக்கிப் பார்த்தார். ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹாரி ஓல்சன் என்பாரே அவர்.

ஓல்சன் 1947இல் வெளியிட்ட சோதனையில் ஒலிபெருக்கியே இல்லை. வீட்டுக் கூடம் போன்ற ஓர் அறை, ஒரு பக்கம் உண்மையான சிறு இசைக்குழு, எதிரே கேட்போர். இடையே ஒலியை மட்டும் வடிகட்டும் தடுப்பு ஒன்று. அதனைத் திறந்தால் முழு ஒலியும் வரும். மூடினால் நொடிக்கு 5,000 அதிர்வுக்கு மேற்பட்டவை நின்றுவிடும். திறந்ததும் மூடியதும் தெரியாதபடி ஒலிபுகும் திரை ஒன்று அதனை மறைத்தது. மின்சாரமோ வால்வோ இடைப்படாமையால் தோன்றற் பிழைக்கு அங்கே இடமில்லை. கெடுதல் மட்டுமே மாறியது. கேட்டவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் முழு ஒலியையே விரும்பினர். வானொலிக்குப் பழகிய அதே நாட்டு மக்கள்தாம் இவர்கள்.

இதனின்று பெறப்படுவது சிறிது நின்று நோக்கத்தக்கது. 1945இல் உயர்சுரத்தைத் தள்ளியவர்கள் ‘இதில் திரிபு இருக்கிறது’ என்று சொல்லவில்லை. அச்சொல்லும் அவர்களிற் பலர்க்குத் தெரிந்திராது. ‘இது பிடிக்கவில்லை’ என்று மட்டும் சொன்னார்கள். அவர்கள் வாய்மொழி குறைபாடுடையது; செவியோ பொய்க்கவில்லை. கருவி பிறப்பித்த வேற்றுச் சுரங்கள் பெரும்பாலும் மேலெல்லையில் குவிகின்றன. மேலெல்லையை வெட்டினால் இசையின் ஒரு பகுதி கெடும். அதனுடன் திரிபும் பெரும்பகுதி மறையும். ஒரு குறையால் மற்றொரு குறையை மறைத்துக்கொண்ட ஒலியை அவர்கள் தேர்ந்தனர். குறையுள்ள கருவிக்கு அதுவே அறிவுடைய தேர்வு. பழைய வானொலிப் பெட்டிகளிற் சுரம் மாற்றும் குமிழைத் தாழ்த்தி வைத்துக் கேட்ட முதியோர் அதனையே செய்தனர்.

ஓல்சன் பின்னர்த் திரிபைத் தம் கையால் கூட்டியும் குறைத்தும் கேட்பித்தார். நொடிக்கு 15,000 அதிர்வு வரை செல்லும் கருவியில், இசையில் நூற்றுக்கு 0.7 அளவிலேயே திரிபு புலப்படத் தொடங்கியது. 2 அல்லது 2.5 அளவில் வெறுக்கத்தக்கதாயிற்று. ஒலியெல்லையைச் சுருக்கச் சுருக்க இவ்வெல்லைகள் உயர்ந்தன. மூன்றாவது விடைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. எண் சமமாயினும், பென்டோடு வால்வு தந்த திரிபு டிரையோடு வால்வு தந்ததனினும் முன்னதாக வெறுப்பூட்டிற்று என்பதும் அங்கே கண்டது. எண் ஒன்றாயின் வெறுப்பு ஏன் ஒன்றாகவில்லை?

விடை சுரங்களின் உறவில் உள்ளது. குரல் என்னும் சட்சத்தை நொடிக்கு 240 அதிர்வாகக் கொள்வோம். கருவி இருமடங்கைப் பிறப்பித்தால் அது 480, மேற்றாயிக் குரல். மும்மடங்கு 720; அத்தாயியின் இளி, அதாவது பஞ்சமம். நான்மடங்கு மீண்டும் குரல். ஐம்மடங்கு 1,200, அந்தர காந்தாரம். இவையெல்லாம் பாட்டின் சுற்றத்தார். கூடுதலாக வந்தாலும் ஒலி சற்றுச் செழித்ததாகவே தோன்றும். ஏழ்மடங்கு 1,680 அதிர்வோ சதுசுருதி தைவதத்துக்கு மேலும் கைசிகி நிடாதத்துக்குக் கீழும் விழுகிறது. எந்தச் சுரத்தானத்திலும் அஃது அமராது, அழையா விருந்தாளிதான். வீணையில் விரல் தவறினாற்போல் ஒலிக்கும். டிரையோடு வால்வு பெரும்பாலும் இருமடங்கைத் தருவது. பென்டோடு உயர்மடங்குகளையும் தருவது.

செவியின் மறைப்பு இயல்பும் இதற்குத் துணைபுரிகிறது. ஒரு பேரொலி தனக்கு அண்மையில் மேலே நிற்கும் சிற்றொலியை மறைக்கும். தொலைவில் நிற்பதனை அத்துணை மறைக்காது. அமெரிக்கத் தொலைபேசி ஆய்வாளர் வேகல், லேன் இருவரும் இதனை 1924இலேயே அளந்து காட்டினர். ஆகவே இருமடங்குத் திரிபு மூலச் சுரத்தின் நிழலில் ஒதுங்கும். ஏழ்மடங்கு வெயிலில் நிற்கும். பி.பி.சி. பொறியியலார் ஷார்ட்டர் 1950இல் ஒரு வழி கூறினார். ஒவ்வொரு மடங்கையும் கூட்டுமுன், மடங்கின் வர்க்கத்தை நான்கால் வகுத்த எண்ணாற் பெருக்குக என்றார். இருமடங்கு ஒன்றாலும், மும்மடங்கு 2.25ஆலும், ஏழ்மடங்கு 12.25ஆலும் பெருகும். அங்ஙனம் கணக்கிட்ட எண் கேட்போர் தீர்ப்போடு நெருங்கி வந்தது. ஆயினும் ஆக்குவோர் அதனைத் தழுவவில்லை. சிறிய எண்ணை அச்சிடும் உரிமையைப் பெரிய எண்ணுக்காக யார் விட்டுக்கொடுப்பார்?

பேச்சொலியிற் கண்டது இதனினும் வியப்பு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் லிக்லைடர் என்னும் உளநூலார், இரைச்சலிடையே வீரர்கள் பேசும் கருவிகளை ஆராய்ந்தார். (பின்னாளில் கணினி வலையமைப்புக்கு வித்திட்டோருள் ஒருவராக அறியப்பட்டவர் இவரே.) பேச்சலையின் உச்சிகளையெல்லாம் வெட்டி, மேடும் பள்ளமும் மட்டும் எஞ்சும்படி சதுரமாக்கினார். ஒரு தனிச்சுரத்தை அவ்வாறு வெட்டினால் திரிபு நூற்றுக்கு 48. இசைக்கு அது கொலை. பேச்சிலோ நூற்றுக்கு 70 அளவுச் சொற்கள் விளங்கின. வெட்டுமுன் உயர்சுரங்களை ஓங்கச் செய்தால் 90க்கும் மேல் விளங்கின. பின்னர் உச்சியை விட்டு, அலையின் நடுப்பகுதியை, அதாவது சுழியை ஒட்டிய மெல்லொலிப் பகுதியை வெட்டினார். சிறிது வெட்டியதுமே சொற்கள் சிதைந்தன.

தமிழ் எழுத்துகளைப் பகுத்தோர் உயிர் என்றும் மெய் என்றும் பெயரிட்டனர். ஒலியின் வலிமையை நோக்கின், உயிரே பேரொலி. மெய்களிற் பல அதன் அருகே மிகச் சிற்றொலி. உச்சியை வெட்டும் கத்தி உயிரின் மேல் விழுகிறது; உயிருக்கு இழக்க நிறைய உண்டு. நடுவை வெட்டும் கத்தி மெய்யின் மேல் விழுகிறது; அதற்கு இருப்பதே சிறிது. ஆசிரியர் சொல்வதெழுதச் சொல்லும்போது மாணவர் தவறவிடுவது உயிரையா மெய்யையா என்று எண்ணிப் பார்த்தால் இது புலனாகும். பொருளை நாடிக் கேட்கும் செவி உச்சித் திரிபை மன்னித்துவிடும். அதே செவி இசைக்கு அமர்ந்தால் மன்னியாது. ஆகவே ‘கேட்குமா’ என்பதோடு ‘எதற்காகக் கேட்கிறார்’ என்பதும் வினாவிற் சேரவேண்டும்.

நடுவை வெட்டும் இக்குறை 1960ஆம் ஆண்டுகளில் வந்த டிரான்சிஸ்டர் பெருக்கிகள் சிலவற்றில் வேறு வடிவில் வெளிப்பட்டது. அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கும் அமைப்பில், சுமை கைமாறும் இடத்தில் ஓர் இடறல் நேர்ந்தது. முழு வலிமையில் அளந்தால் அவ்விடறல் பேரலையின் முன் சிறு புள்ளி. எண் அழகாக வரும். ஒலியைத் தாழ்த்தினால் அலை சிறுக்கும், இடறல் சிறுக்காது. அதன் நூற்றுக்கணக்கு ஏறும். வீட்டில் இரவில் மெல்ல வைத்துக் கேட்டவர் கரகரப்பைக் கேட்டார். அச்சிட்ட எண்ணைக் காட்டி அவரை மறுத்தனர். இங்கும் செவியே சரி. அளந்தது பிழையன்று, அளந்த இடம் பிழை.

இவ்வளவும் செவிக்குச் சார்பாகச் சொல்லியதனால், அதன் சான்று எப்போதும் ஏற்கத்தக்கது எனக் கொள்ளுதல் கூடாது. செவி தனித்துச் சான்று கூறும்போதே இப்பெருமை. கண் உடன் நின்றால் சான்று கலங்கிவிடுகிறது. 1978இல் இங்கிலாந்தின் குவாடு நிறுவனம் தன் வால்வுப் பெருக்கியையும் டிரான்சிஸ்டர் பெருக்கிகளையும் ஜேம்சு மாய்ர் என்னும் பொறியியலாரின் பொறுப்பில் ஒப்பிடச் செய்தது. எது இயங்குகிறது என அறியாமற் கேட்டவர்களால் அவற்றைப் பிரித்தறிய இயலவில்லை. வால்வின் இனிமையைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களை எண்ணினால் இம்முடிவு சிலர்க்குக் கசப்பாகத்தான் இருந்திருக்கும். 2007இல் மேயர், மோரன் இருவர் வெளியிட்ட சோதனையில், உயர்நுட்பப் பதிவையும் அதனைக் குறுவட்டின் அளவுக்குச் சுருக்கியதையும் 554 முறை ஒப்பிட்டதில் 276 முறையே விடை சரியாயிற்று. காசைச் சுண்டிவிட்டுச் சொன்னாலும் அவ்வளவு வரும்.

ஒலியளவும் பெரிய ஏமாற்றுக்காரன். இரு கருவிகளுள் ஒன்று ஒரு டெசிபலிலும் குறைவாகவே ஓங்கி ஒலிப்பினும், கேட்பவர் அதனை ‘ஓங்கியது’ என்னார். ‘தெளிவானது’ என்பார், ‘உயிருள்ளது’ என்பார். அளவைச் சமமாக்காமல் நிகழ்த்திய ஒப்பீட்டுப் புகழுரைகளை ஒதுக்கிவைத்தால், கருவிகளைப் பற்றிய எழுத்துகளிற் பெரும்பகுதி ஒதுங்கிவிடும்.

எனினும் மறைத்து நிகழ்த்தும் சோதனையையும் கண்மூடி ஏற்றல் ஆகாது. வழக்கமான முறையில், முதற்கருவி, இரண்டாங்கருவி, இவற்றுள் எது என மறைக்கப்பட்ட மூன்றாம் ஒலி எனக் கேட்பிப்பர். 16 முறை கேட்பித்து, 12 முறையேனும் சரியாகச் சொன்னால் தேறினார் என்பர். உண்மையிலேயே ஒரு மெல்லிய வேறுபாட்டை நூற்றுக்கு 60 முறை உணரவல்ல ஒருவர் இச்சோதனைக்கு வந்தால் என்ன ஆகும்? கணக்கிட்டுப் பார்த்தால், அவர் ஆறில் ஐந்து முறை தோற்பார். தோற்றதும் ‘செவிக்குக் கேளாது’ என எழுதுவது, ஒரு தேர்வில் தவறிய மாணவனுக்குப் பாடமே வராது என்று சான்றிதழ் எழுதுவதை ஒக்கும். லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ், உயர்நுட்பப் பதிவு பற்றிய 18 சோதனைகளைச் சேர்த்து 2016இல் ஆராய்ந்தார். சரியான விடை நூற்றுக்கு 52 அளவே. ஆயினும் பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட முறைகளில் அது தற்செயல் அன்று. முன்னரே பயிற்சி பெற்றோர் மற்றவரினும் மேம்பட்டனர். வீட்டில் இசை கேட்பவர்க்கு அவ்வேறுபாடு விலை கொடுக்கத்தக்கதா என்பது வேறு வினா.

இன்னும் ஒரு வாதம் உண்டு. செவியே திரிபுடையதாதலின் கருவியின் திரிபு பொருட்டன்று என்பது அது. முற்பகுதி உண்மை. இத்தாலிய வயலின் வல்லுநர் தார்த்தினி, இரு சுரங்களை ஒருங்கே ஓங்கி வாசிக்கும்போது வாசிக்காத மூன்றாம் சுரம் ஒன்று கேட்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துரைத்தார். பிற்பகுதி பொருந்தாது. செவியின் திரிபு குயிலைக் கேட்கும்போதும் உண்டு, கருவியைக் கேட்கும்போதும் உண்டு. அதனைச் செவியுடையார் பிறந்தது முதல் பழகியிருக்கின்றனர். கருவி சேர்ப்பது அதற்கு மேற்பட்ட அயலது. அச்செவித்திரிபு குறையும் அன்று. இங்கிலாந்து அறிஞர் டேவிட் கெம்பு 1978இல், உட்செவி தானே ஒலி பிறப்பிப்பதை நுண்ணிய ஒலிவாங்கியாற் பதிந்து காட்டினார். இன்று பிறந்த குழந்தையின் செவியைச் சோதிக்கும் முறைகளுள் ஒன்று இதனைக் கொண்டே அமைந்தது: உறங்கும் குழவியின் செவித்துளையில் இரு மெல்லிய சுரங்களை, 2,000 அதிர்வும் 2,440 அதிர்வும் போல, விடுகின்றனர், உட்செவி நலமாயின் 1,560 அதிர்வுள்ள மூன்றாம் சுரம் வெளியே வந்து ஒலிவாங்கியிற் பதியும். அது வாராதாயின் குழந்தையை மேற்சோதனைக்கு அனுப்புகின்றனர்.